சர்க்கரை மாத்திரையும் 43 நாள் தடையும்



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருகிற குடும்பங்கள் மருந்துச் சீட்டையும் பழைய மாத்திரை அட்டையையும் கொண்டு வருவது வழக்கம். அப்படி வருபவர்களில் சிலர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "இதைச் சாப்பிட்டா கேன்சர் வரும்னு சொல்றாங்களே, நிறுத்திடலாமா?" அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் பியோகிளிட்டசோன் என்று இருக்கும். பெரும்பாலும் அது தனியாக இருக்காது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக இருக்கும். பல கம்பெனிகளில் பெயருக்குப் பின்னால் 'பி' அல்லது 'பிஜி' என்று போட்டிருப்பார்கள்.

இந்தப் பேச்சு வெறும் புரளி அல்ல. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், எந்த மருந்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பது நமக்குப் பழகும். நம்மில் இது யாருக்கோ உள்ள நோய் அல்ல. சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல்.

2013 ஜூன் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின் கீழ், பியோகிளிட்டசோன் தயாரிப்பையும் விற்பனையையும் நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் என்ற அச்சமே காரணம். பிரான்ஸ் நாடு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 2011 ஜூனில், அதை நிறுத்தியிருந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரையை, இதயத்துக்கு ஆகாது என்ற காரணத்தால், நம் நாடு 2010 நவம்பரிலேயே தடை செய்திருந்தது. ஆகவே அரசின் அச்சம் காரணமில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் தடை வந்ததும் சர்க்கரை நோய் மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். மலிவான மருந்து, லட்சக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள், ஒரே நாளில் நிறுத்தினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் ஜூலையில் மீண்டும் கூடிப் பேசியது. ஜூலை 31 அன்று தடை நீங்கியது. ஆனால் சும்மா நீங்கவில்லை. சர்க்கரை நோய்க்கு முதல் மருந்தாக இதைத் தரக்கூடாது என்று பெட்டி கட்டி எச்சரிக்கை அச்சிட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பவர், முன்பு இருந்தவர், சிறுநீரில் ரத்தம் போய் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கப்படாதவர் ஆகியோருக்குத் தரக்கூடாது. தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குக் கவனமாகக் குறைந்த அளவில் தர வேண்டும். தடை நீடித்தது 43 நாள்கள்.

அந்த 43 நாள்களில் வேறொன்றும் நடந்தது. அந்த ஆண்டு ரமளான் ஜூலை இரண்டாம் வாரத்தில் பிறந்தது. நம் பகுதியில் ஜூலை வெயில் எப்படி இருக்கும் என்று மாமல்லபுரத்தில் கல் உடைப்பவரிடமும் கோவளத்தில் வலை இழுப்பவரிடமும் கேட்க வேண்டும். நோன்பின் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் இந்த மருந்து கடையில் இல்லாமலேயே கழிந்தன. இதைப் பற்றிக் கீழே பேசுவோம், ஏனென்றால் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் அதுதான்.

முதலில் புற்றுநோய்க் கணக்கு. ஒரு மருந்து விற்பனைக்கு வரும் முன் சில ஆயிரம் பேரிடம் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் சேர்க்கப்படுபவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். சிறுநீரகம் கெட்டவர், மிகவும் வயதானவர் போன்றோரைத் தள்ளிவிடுவார்கள். மாத்திரை இலவசம், மாதம் தவறாமல் பரிசோதனை. நம் வீட்டு நிலைமை அதுவா? பணம் இல்லாத மாதம் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துச் சாப்பிடுகிறோம். துபாயிலிருந்து மச்சான் கொண்டு வந்த அட்டையைத் தீரும்வரை விழுங்குகிறோம். அத்தாவுக்கு எழுதிய மாத்திரையை அம்மாவும் சாப்பிடுகிறார். இடையில் யாரோ தந்த சூரணம். அதனால்தான் மருந்து கடைக்கு வந்தபிறகு, சாதாரண மக்கள் சாதாரணமாகச் சாப்பிடும்போது என்ன ஆகிறது என்று லட்சக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகளை வைத்துப் பார்க்கிறார்கள். அரிதாக வரும் தீங்குகள் அங்கேதான் வெளியே வரும்.

பியோகிளிட்டசோனில் முதல் சந்தேகம் 2005ல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் எழுந்தது. சுமார் 5,200 பேரில் பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மருந்து சாப்பிட்டவர்களில் 14 பேருக்கு, மற்றவர்களில் 6 பேருக்கு வந்தது. இரு மடங்குக்கு மேல் என்று கேட்டால் பயம்தான் வரும். ஆனால் இவ்வளவு சிறிய எண்களை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. எனவே பெரிய கணக்குகள் தேவைப்பட்டன.

அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு, சர்க்கரை நோயுள்ள 1,93,099 பேரின் பதிவுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2011ல் வந்த இடைக்கால முடிவு, இரண்டு ஆண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து சற்றே கூடுகிறது என்றது. 2015ல் வந்த இறுதி முடிவு, உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் கூடவில்லை என்றது. பிரிட்டனில் 1,45,806 பேரைப் பார்த்து 2016ல் வெளிவந்த ஆய்வோ, ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்றது. ஆய்வுகள் இப்படி முரண்படும்போது எது நமக்குப் பிடிக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. நாம் அப்படிச் செய்யாமல், இரண்டின் உள்ளே இருக்கும் எண்களைப் பார்ப்போம்.

கலிபோர்னியாக் கணக்கில், இந்த மருந்து சாப்பிடாத லட்சம் பேரில் ஓராண்டில் 76 பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்டவர்களில் 90 பேருக்கு. பிரிட்டன் கணக்கில் 89 என்பது 121 ஆனது. மோசமான கணக்கை எடுத்துக்கொண்டாலும், லட்சம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக வருவது சுமார் 32 பேருக்கு. அந்த 32 பேரும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆகவே எச்சரிக்கை அவசியம். ஆனால் 'ஒன்றரை மடங்கு' என்று கேட்கும்போது மனத்தில் எழும் படமும், 'லட்சத்துக்கு 32' என்று கேட்கும்போது எழும் படமும் ஒன்றல்ல. மருந்தைப் பற்றி யாராவது 'மடங்கு' என்று பேசினால், எத்தனையில் எத்தனை என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் பீடியும் சிகரெட்டும்தான். கேன்சருக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு, டீக்கடை வாசலில் பீடி பற்ற வைக்கும் பெரியவர்கள் நம் மஹல்லாவிலும் உண்டு. கோபப்படாமல் அவர்களிடம் யாராவது பேச வேண்டும்.

இந்த மாத்திரையில் அதைவிட அருகில் இருக்கும் ஆபத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பியோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்கும். கால் வீங்கும், எடை கூடும். இதயம் பலவீனமானவருக்கு அந்த நீர் நுரையீரல் வரை போகும். மேலே சொன்ன அதே 2005 ஆய்வில், சுமார் மூன்று ஆண்டுக் காலத்தில், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 100க்கு 4 பேர், மருந்துக் குழுவில் 6 பேர். அவர்கள் ஏற்கெனவே இதயநோயோ ரத்தக்குழாய் அடைப்போ உள்ளவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நூறில் இரண்டு எங்கே, லட்சத்தில் முப்பத்திரண்டு எங்கே? புற்றுநோயைப் பற்றி ஊரே பேசுகிறது. மாலையில் செருப்பு இறுகுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த மருந்து சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்கினால், படுத்தால் மூச்சு வாங்கினால், சில வாரத்தில் எடை திடீரென ஏறினால், அடுத்த மாதப் பரிசோதனைவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இந்த மருந்தே கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு முறிவும் சற்றுக் கூடுகிறது. வீட்டில் வழுக்கி விழும் வயதில் இருக்கும் பெரியம்மாக்களை நினைத்து இதைச் சொல்கிறோம்.

சரி, பலன்? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் ஏறத்தாழ ஒரு புள்ளி குறைக்கும். 8 என்றிருந்தால் 7க்கு அருகே வரும். ஆனால் மெதுவாக வேலை செய்யும் மருந்து. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு சர்க்கரை குறையவில்லை என்று கைவிடுவது சரியல்ல. ஆறு மாதமாகியும் குறையவில்லையென்றால் தொடர்வதும் சரியல்ல.

இப்போது அந்த ரமளானுக்கு வருவோம். ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். வயது அறுபத்தைந்து, திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு சிறு கடை. பியோகிளிட்டசோனும் மெட்ஃபார்மினும் சாப்பிட்டு வந்தார். இவை இரண்டும் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவதில்லை. தடை வந்ததும் அவருக்கு வேறு மலிவான மாத்திரை வேண்டும். பெரும்பாலும் என்ன எழுதப்படும்? கிளிமிபிரைடு அல்லது அதைவிடப் பழைய கிளிபென்கிளமைடு. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூண்டும். ஸஹரில் அந்த மாத்திரை, பிறகு பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு, ஜூலை வெயில். அஸர் நேரத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்தால், வீட்டில் உள்ளவர்கள் நோன்புக் களைப்பு என்றுதான் நினைப்பார்கள்.

இது கற்பனைப் பெரியவர். ஆனால் ஆபத்து கற்பனையல்ல. 2001 ரமளானில் 13 முஸ்லிம் நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வகை 2 நோயாளிகளுக்குக் கடுமையான தாழ் சர்க்கரை மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியது. (எத்தனையில் எத்தனை என்று கேட்கிறீர்கள்தானே? நூறு பேருக்கு மாதம் 0.4 தடவையாக இருந்தது 3 தடவையானது.) 2017ல் முடிந்த ஓர் இத்தாலிய ஆய்வில் சுமார் 3,000 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மெட்ஃபார்மினோடு பியோகிளிட்டசோன், மறு பாதிக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு வகை மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தாழ் சர்க்கரை வந்தவர்கள் முதல் குழுவில் 100க்கு 10 பேர், இரண்டாவதில் 34 பேர். அதுவும் நோன்பு இல்லாத மக்களிடம்.

ஆகவே 'இந்த மருந்து பாதுகாப்பானதா' என்ற கேள்வி பாதிக் கேள்விதான். 'எதைவிட, யாருக்கு, எந்த மாதத்தில்' என்பது மீதி. இதய பலவீனம் உள்ள, சிறுநீரில் ரத்தம் போன ஒருவருக்குப் பியோகிளிட்டசோன் ஆபத்து. நல்ல இதயம் உள்ள, தனியாக வசிக்கும், நோன்பு பிடிக்கும் ஒருவருக்கு அதை நிறுத்திவிட்டுக் கிளிபென்கிளமைடு தருவது அதைவிட ஆபத்தாகலாம். 2013ல் உலக சுகாதார நிறுவனமே தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளிக்ளசைடைச் சேர்த்து, கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று குறித்தது.

கிளிக்ளசைடைப் பற்றி நோன்பாளிகளிடமே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. இந்தியா உட்பட 9 நாடுகளில் 1,214 பேர், மெதுவாகக் கரையும் கிளிக்ளசைடு சாப்பிட்டுக்கொண்டே நோன்பு நோற்றார்கள். தாழ் சர்க்கரை அறிகுறி வந்தவர்கள் 100க்கு 2 பேர் அளவில். கடுமையாக யாருக்கும் வரவில்லை. நல்ல செய்தி. ஆனால் அந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியின் பணத்தில் நடந்த ஆய்வு அது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்துக் குழுவும் அதில் இல்லை. இவ்வளவையும் சேர்த்தே அந்தச் செய்தியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கோ நடந்த ஆய்வு நமக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டமே பதில் சொல்லும். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்தது. 1968ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் அதைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. 'செங்கல்பட்டுச் சோதனை' என்று உலக மருத்துவப் புத்தகங்களில் இன்றும் பேசப்படுகிறது. (கைக்குழந்தைகளுக்கு மூளைக் காசநோய் போன்றவற்றிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. ஆகவே குழந்தைக்குப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.) ஓரிடத்துப் பலன் இன்னோரிடத்தில் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதை உலகுக்குக் காட்டியது நம் மண். சர்க்கரை மாத்திரைக்கும் அதுதான் நியாயம்.

நோன்பைப் பொறுத்தவரை நம் மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களின் விளக்கத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யார் பிடிக்கலாம், யார் விட வேண்டும் என்பதை மருத்துவரும் ஆலிமும் சேர்ந்து சொல்வதே முறை. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஷஃபான் கடைசி வாரத்தில் போனால் மருந்தை மாற்றிப் பார்க்க நேரம் இருக்காது. பியோகிளிட்டசோன் மெதுவாக வேலை செய்வதால், பிறை தெரியும் வாரத்தில் புதிதாகத் தொடங்கிப் பயனில்லை. கிளிமிபிரைடு வகை சாப்பிடுபவர்கள் நேரத்தை இஃப்தாருக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கேட்க வேண்டும். மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் இருந்தால் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. தனித்தனியாக எழுதித் தரச் சொல்லலாம். டபாகிளிஃப்ளோசின் போல் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீரிழப்பு ஏற்படலாம், அதையும் கேளுங்கள்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே போனால், அல்லது 300ஐத் தாண்டினால், மஃரிபுக்கு அரை மணி நேரமே இருந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். தாழ்ந்திருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ பேரீச்சம்பழமோ கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். கிளிபென்கிளமைடு போன்றவற்றால் வந்த தாழ் சர்க்கரை ஒரு முறை சரியானாலும் சில மணி நேரத்தில் மீண்டும் வரக்கூடும். அதனால் அன்றிரவு தனியாகத் தூங்க விடக்கூடாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலமாகவும் சர்க்கரை மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு. கம்பெனிப் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு மருந்தால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகித்தால் அதை அரசிடம் தெரிவிக்க நோயாளிக்கே வழி உண்டு. மருந்து கண்காணிப்புத் திட்டம் 2010ல் தொடங்கியது, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகக் குறிப்பேட்டு ஆணையம் அதை நடத்துகிறது. வேலை நாள்களில் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், என்று தொடங்கினீர்கள், என்ன ஆனது, என்று ஆனது, கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள் (சூரணமும் லேகியமும் சேர்த்து), நோன்பில் இருந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதிலுள்ள தொகுதி எண்ணைக் கேட்பார்கள். படிவம் நிரப்பச் சிரமமாக இருந்தால், அட்டையோடு ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.